ஒன்பதடிப் பலகையும் ஒரே பைக்கும்

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்றும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தீவின் மலினாவ் கடற்கரைக்கு நடந்தேன். ஒன்பது அடி. காற்று அடித்தால் நான் அதைத் தூக்குகிறேனா, அது என்னை இழுத்துப் போகிறதா என்றே தெரியவில்லை. போய்ச் சேர்வதற்குள் கை மரத்துவிட்டது. பிடித்தது மூன்று அலை. ஒன்றில் எழுந்து நின்றேன். நாற்பத்திரண்டு வயதில், விடுதித் துணி துவைக்கிற நான், கடல்மேல் நின்றேன்!

விடுதியில் தங்கியிருந்து ஊருக்குக் கிளம்பிய டேனிஷ்காரி இந்த அலைச்சறுக்குப் பலகையை என்னிடம் விட்டுப் போனபோது, துணி தேய்க்க உதவும் என்று ருஸ்டிகோ சொன்னான். என் புருஷன்.

செப்டம்பர் 5, வியாழன்

சாப்பிடும்போது ருஸ்டிகோவிடம் கேட்டேன். பைக்கின் பக்கவாட்டில் பலகைக்கு ஒரு தாங்கி வைக்கலாமா? மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்: "பின்னாடி உக்கார்ற ஆளு காலை எங்க வைப்பான்? என் தலையிலயா?"

நியாயம்தான். அதில் ஆள் ஏற்றித்தான் எங்களுக்குச் சோறு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு எதுக்கு அப்படி ஒரு சிரிப்பு?

செப்டம்பர் 8, ஞாயிறு

ருஸ்டிகோ ஒரு ஞானஸ்நானத்துக்காகப் படகில் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தான். வண்டி வீட்டில் நின்றது. மிச்சமிருந்த பிளாஸ்டிக் குழாயை அடுப்பில் காட்டி, வளைத்து, இரண்டு கொக்கி செய்தேன். கட்டுக்கம்பியால் வண்டியில் கட்டினேன். என்ன அழகு!

மாதா கோயில் வளைவு வரை அழகு. அங்கே குழாய் படக்கென்று உடைந்து, பலகை வாழைத் தோப்புக்குள் பாய்ந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தால், அதன்மேல் ஒரு பன்றி. என்னைவிட நன்றாகவே நின்றது.

செப்டம்பர் 9, திங்கள்

பலகையின் மூக்கில் விரிசல். ருஸ்டிகோ பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ருஸ்டிகோ மதியம் தூங்கும்போது வண்டியை எடுத்துக்கொண்டு பெலினின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ருஸ்டிகோவின் தங்கை. ஊரில் பாதி கேட் அவள் ஒட்டியது. என் உடைந்த கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, இது துணிக்கொடி கட்டற வேலை இல்ல. வண்டியோட எலும்புல பிடிக்கணும்."

இரும்புக் கம்பியை வளைத்து இரண்டு கை செய்தாள். ஒன்று பின்சக்கர ஸ்பிரிங்குக்கு மேலே, ஒன்று முன்னால் கால் வைக்கும் கம்பியோடு. வலது பக்கம் புகைக்குழாய் சுடும், ஆகவே இடது பக்கம். கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி வேண்டும் என்றது நான். பலகையை இரும்பு கடிக்காமல் சைக்கிள் ட்யூப் சுற்றியதும் நான். மூக்கையும் பிசின் வைத்து அடைத்தோம்.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"தெரியாதுன்னு சொல்லு அண்ணி. அப்பதான் நானும் தெரியாதுன்னு சொல்லிக்க முடியும்."

செப்டம்பர் 14, சனி

இன்று மாட்டிப் பார்த்தேன். ருஸ்டிகோ பார்த்துவிட்டான். வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தான். இரும்புக் கைகளைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்."

"கேட்டேன். நீ சிரிச்ச."

கைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வண்டியைக் கழுவப் போனான். சுத்தமாக இருந்த வண்டியை.

செப்டம்பர் 20, வெள்ளி

கட்டிலுக்கடியில் இரும்புக் கைகளைக் காணோம். தூக்கிப் போட்டுட்டானா? பதறிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், எதிரே ருஸ்டிகோ வருகிறான். பின்னால் ஒரு நீள்முடி வெள்ளைக்காரன். பக்கவாட்டில், என் தாங்கியில், அவன் பலகை! பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் கால் சொகுசாகத்தான் இருந்தது. ருஸ்டிகோ என்னைப் பார்த்ததும் தென்னை மரங்களை ஆராயத் தொடங்கினான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இப்போது அவனுக்குப் 'பலகை வண்டி' என்று பெயர். விடுதிகளிலிருந்து கேட்டு வருகிறார்கள். தாங்கி தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறானாம். பெலின் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஆனால் அலை நன்றாக இருக்கிற காலையில் வண்டி விடியும் முன்பே போய்விடுகிறது. நான் செஞ்சதுல ஊர்ல இருக்கிற பலகையெல்லாம் போகுது, என் பலகை சுவத்துல சாஞ்சு நிக்குது. இதை யாரிடம் சொல்ல? அவனிடம்தான் சொன்னேன், இதே வார்த்தையில். கேட்டுக்கொண்டான்.

அக்டோபர் 2, புதன்

நடந்தே போனேன். பாதியில் மழை. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் வெளியே வந்தால் என் பலகை வண்டியில் ஏறியிருந்தது, பட்டையால் இறுக்கி. ருஸ்டிகோ எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். ஏறினேன்.

தெருமுக்கில் இரண்டு சுற்றுலாப் பையன்கள் கையைக் காட்டினார்கள். இரட்டை வாடகை தருகிறோம் என்றார்கள்.

"ஆளு இருக்கு" என்றான்.

இறக்கிவிட்டு வந்தால் போதும், காத்திருக்கிறோம் என்றார்கள்.

"திரும்பவும் கூட்டிட்டு வரணும்."

கரையில் தென்னை நிழலில் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் விழும்போதெல்லாம் நல்லவேளையாக வேறு எங்கோ பார்த்தான். கடைசியில் ஒரு அலை, பெரியதில்லை, என்னை மணல் வரைக்கும் நிற்க வைத்தே கொண்டுவந்து விட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். எப்போது இறங்கினான்?

திரும்பும்போது பாலம் தாண்டினோம். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"அந்தப் பலகை ரெண்டு பேரைத் தாங்குமா?"

வீடு வருவதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.