அழுது வாங்கிய சிவப்பு

சாந்தன்பாறை,
புரட்டாசி, ஞாயிறு.

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் அப்படியே இருக்க வேண்டும் என்று மலையில் உள்ள எல்லாச் சாமியையும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ குறுக்கே வருவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். காகிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அம்மா படம் பிடித்து அனுப்புவாள், உடனே படி. அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை, காய் பறிக்கப் போகாதே என்றால் கேட்பதும் இல்லை. நீ அனுப்பிய தைலம் நன்றாக மணக்கிறது, அவ்வளவுதான்.

போன வருஷக் கோடையில் ஏலச்செடி கருகி மேட்டுப் பக்கம் மொட்டையாகக் கிடப்பது உனக்குத் தெரியும். மறுபடி நடவும், மழைத் தண்ணீரைத் தேக்கத் தார்ப்பாய் விரித்த படுதாக்குளம் வெட்டவும் கடன் கேட்டு பேங்க்குக்குப் போனேன். நமக்கு அடுத்த வீட்டு ரோசியும் அவள் குளத்துக்காகக் கூட வந்தாள். மானேஜர் ஜின்சி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். நம் சரிவு முழுக்கச் சிவப்பு. நம் வீடு சிவப்பு, ரோசி வீடு சிவப்பு, பாதையோரம் சிலுவை நிற்கிற குருசடிகூடச் சிவப்பு. என்ன அம்மா இது என்றேன். "சேட்டா, இது ஞான் வெச்ச நிறமில்ல கேட்டோ, மேலேருந்து வந்ததாக்கும்" என்றாள். வெள்ளம், வறட்சி, மண்சரிவு வந்தால் கொடுத்த கடன் என்னவாகும் என்பதையும் பார்க்கச் சொல்லி ரிசர்வ் பேங்க் பேங்குகளை நெருக்குகிறதாம். அதற்காக இவர்கள் தலைமை ஆபீஸ் ஒரு கம்பெனியை வைத்து மலைக்கு நிறம் பூசி வாங்கியிருக்கிறது. சிவப்பு என்றால் நடவுக்கும் குளத்துக்கும் கடன் கிடையாது. எதைப் பார்த்துப் பூசினார்கள் என்று விடாமல் கேட்டேன். சாட்டிலைட் படம், மழைக் கணக்கு, அதோடு நேரில் விசாரணை என்று வாசித்தாள். விசாரித்த வீடுகளில் எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னதால் நம்பத் தகுந்தது என்றும் எழுதியிருக்கிறதாம்.

அதைக் கேட்டதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். நம் மலை வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. கையில் எழுதுகிற சாமானோடு யார் ஏறி வந்தாலும் அழ வேண்டும். விளைச்சலைக் கேட்டால் பாதியைச் சொல், நஷ்டத்தைக் கேட்டால் இரட்டிப்பாகச் சொல். போன வருஷம் இரண்டு பிள்ளைகள் விசாரிக்க வந்தார்கள், நான் வறட்சி நிவாரணம் என்றே நினைத்தேன். ஊற்று வற்றிவிட்டது, மலை விரிசல் விட்டுவிட்டது, இந்த மண் நிற்காது என்றேன். ரோடு போட வெட்டிய இடத்தில் சரிந்து கிடந்த மண்ணைக் கூட்டிப்போய் நம் நிலம் என்று காட்டினேன். ஆளுக்கு ஒன்று சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதே என்று அவர்கள் வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடமும் சொல்லிக் கொடுத்தேன். பேங்க் வாசலில் ரோசி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் அழுதேன் மாமா, கொஞ்சம் நல்லாவே அழுதுட்டேன் போல" என்றாள். பஸ்ஸில் ஏறின ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நிறம் பூசியது எந்தக் கம்பெனி என்று ஜின்சி சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் மகள் பேங்குகளுக்கு மழையை அளந்து கொடுக்கிற கம்பெனியில் இருக்கிறாள் என்று வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் விடுகிற இடத்தில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசியவன் நான். அது உன் கம்பெனிதான்.

நீ பூசினாயா, பக்கத்து நாற்காலி பூசியதா, நான் கேட்கவில்லை. பொய்யை வைத்துப் பூசிய நிறம் செல்லாது என்று நிரூபிக்க மறுநாளே கம்பை எடுத்துக்கொண்டு சரிவு முழுக்க ஏறினேன். ஊற்றில் தண்ணீர் இருக்கிறது, பழையபடி இல்லை, ஆனாலும் இருக்கிறது. அங்கிருந்து ரோசி வீட்டுக்கு மேலே போனேன். விரிசல் என்று நான் வாய்க்கு வந்தபடி சொன்ன இடத்தில் விரிசல் இருக்கிறது நர்மதா. புல் மூடியிருந்தது. கம்பை விட்டுப் பார்த்தேன், பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. நான் சொன்ன அன்றே இருந்ததா, இந்த ஆடி மழையில் பிளந்ததா, எனக்குத் தெரியாது.

இறங்கி வந்து ரோசியிடம் சொன்னேன், ஐப்பசித் துலா மழை முடிகிற வரைக்கும் நம் வீட்டில் வந்து படு என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தத் தடவ எந்த ஆபீசர் மாமா வர்றான்? முன்னாலயே சொல்லுங்க, கண்ணீரச் சேத்து வைக்கிறேன்" என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பஞ்சாயத்தில் சொன்னேன், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். உன் அம்மாவே என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

இதனால் பேங்க் விஷயத்தில் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆபத்தான இடத்துக்குக் கடன் இல்லை என்றால் பேங்குக்கு ஆபத்து குறையும், மலைக்குக் குறையுமா? குளம் வெட்டவும் சரிவில் கல் கட்டவும் வேர் பிடிக்கிற மரம் நடவும் சிவந்த இடத்துக்குத்தானே பணம் வேண்டும்? காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து இல்லை என்று எழுதி வைக்க எதற்கு இத்தனை படிப்பு? இதை உன் மேலதிகாரியிடம் சொல், இந்தியிலோ இங்கிலீஷிலோ சொல், அப்பா சொன்னதாகவே சொல்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய். இதைப் படித்ததும் ரோசிக்குப் போன் போடு. நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். அவள் வீட்டுக்கு மேலே இருக்கிற சிவப்பு உண்மையான சிவப்பு என்று சொல். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. அம்மா அவளுக்குப் பாய் எடுத்துப் போட்டுவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ரோசி கிளம்பிவிட்டாள் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல், அதுவரைக்கும் வாசல் விளக்கை அணைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மொக்கையன்