ராகியில் கிடந்த இரும்புக் குண்டு

மாரம்மாவுக்கு,

ஓசூரிலிருந்து தீர்த்தகிரி எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவால்ல" என்று சொல்லிப் பையனிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றும் இல்லை. நான் கூட்டித் துடைக்கும் பல்கலைக்கழக ஆய்வகத்தில், ஒரு ஜாடி ராகிக்குள் பெரிய பேரிங் குண்டு கிடந்தது. சாப்பிடும் பொருளில் இரும்பா என்று அதை எடுத்துவிட்டு, ராகியை அலசிக் காயப்போட்டேன். ஆராய்ச்சி செய்யும் காவியா ஓடிவந்தாள்.

"ஐயோ பெரியவரே, ஒரு வாரமா குலுக்கி வெச்ச எக்ஸ்பெரிமெண்ட்டு அது!"

"ராகிய களி கிண்டுவாங்க. குலுக்குவாங்களாம்மா?"

மன்னிப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் வேலை இல்லையாம். சுத்தம் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு?

ஒன்றுதான் குழப்பம். அவள் வேறு ராகி எடுத்து, குண்டை அடியில் வைத்து மெஷினில் குலுக்கிக் காட்டினாள். குண்டு மேலே வந்துவிட்டது! கனமானது கீழேதானே போக வேண்டும்? காந்தம் இருக்கும் என்றேன். மெஷினையே கழற்றிக் காட்டினாள். அப்போதும் என் மனம் ஒப்பவில்லை.

பம்புசெட் பெட்டியில் பழைய பேரிங் குண்டு கிடக்கும். ராகி டப்பாவின் அடியில் போட்டு, உட்கார்ந்தபடியே குலுக்கிப் பார். கொஞ்சம் ராகி மாவும் அனுப்பு. ஒருவனுக்கு மட்டும் கிண்டினால் களி கட்டி தட்டிப்போகிறது.

நம்மூர் அஞ்செட்டி பஸ் கிளம்புகிறது, கண்டக்டரிடம் இதைக் கொடுக்க வேண்டும். குண்டு மேலே வந்தால் மன்னிப்புக் கேட்டு இங்கேயே இருக்கிறேன். கீழேயே கிடந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

பொய் மட்டும் சொல்லாதே.

தீர்த்தகிரி