உமது படத்துக்கு மேல் ஒரு மெத்தை

உமக்கு அநியாயம் நடந்துவிட்டது. உமது பதினாறாம் நாள் அறிவிப்பை உம் மகன் இணையத்தில் போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனில் திறந்தேன். முதலில் ஒரு மெத்தை வந்தது. அதில் ஒரு பெண் படுத்துக்கொண்டு சிரித்தாள். 'இனி நிம்மதியான உறக்கம்' என்று எழுதியிருந்தது. அதைத் தள்ளிய பிறகுதான் மாலை போட்ட உமது படம் வந்தது. விளம்பரம் வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் நீர். இப்போது திருப்திதானா?

தொண்ணூறுகளின் கடைசியில், தச்சநல்லூரில் உமது கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் நடத்திய இணையப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டம் அணையில் எவ்வளவு தண்ணீர், எந்த ஊரில் கோயில் கொடை, யார் வீட்டில் கல்யாணம், யார் காலமானார் என்று பம்பாயிலும் மஸ்கட்டிலும் இருந்த நம் ஊர்க்காரர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, உரக்கடையில் உட்கார்ந்து தானாகவே தட்டச்சு கற்றவன். செய்தி என்னுடையது, கம்ப்யூட்டர் உம்முடையது. டெலிபோன் பில் யாருடையது என்பதில்தான் சண்டை.

"படிக்கிறவன் சந்தா கட்டட்டும் வே. பால்காரன் சும்மாவா ஊத்துதான்?" என்றேன்.

"நம்ம ஆளு டீக்கடையில நின்னே எல்லாப் பேப்பரையும் படிச்சு முடிக்கிறவன். அவன் சந்தா கட்டுவானாக்கும்! நாலு கடை வெளம்பரம் போடுவோம் வே."

"துட்டிச் செய்திக்குப் பக்கத்துல லட்டுப் படமா?"

"செத்தவருக்கு என்ன, சீனி வியாதியா வே?"

கடைசியில் நீரே ஒரு வழி கண்டுபிடித்தீர். கோயில் திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பம் செலவை ஏற்று மண்டகப்படி நடத்துவது போல, வாரத்துக்கு ஒரு குடும்பம் நம் பக்கத்தைத் தாங்கட்டும் என்றீர். நன்கொடைதான், ஆனால் மரியாதையோடு. எனக்குப் பிடிக்கவில்லை. பில் கட்டியாக வேண்டுமே என்று சம்மதித்தேன்.

சில வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு நாங்குநேரி அரிசி ஆலை அண்ணாச்சியின் வாரம் வந்தது. பக்கத்தின் அடியில் ஒரே ஒரு முறை பெயர் போட்டால் போதாது என்றார்.

"சாமி தெருத்தெருவா போகும்போது எங்க பேரச் சொல்லித்தானே வேட்டு போடுதாங்க? ஒவ்வொரு செய்திக்குக் கீழயும் 'உபயம்'னு எம் பேரு வரணும்."

நீர் தலையாட்டினீர்.

அந்த வாரம் பார்த்து, குளத்து மடை வழக்கில் அண்ணாச்சியை வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு இழுத்த பண்ணையார் காலமானார். நான் எழுதிக் கொடுத்தேன், நீர் ஏற்றினீர். 'நேற்று மாலை இயற்கை எய்தினார்' என்ற வரிக்குக் கீழே, 'உபயம்' என்று அண்ணாச்சியின் பெயர்.

மஸ்கட்டிலிருந்து யாரோ போன் செய்து சொல்ல, பண்ணையாரின் மருமகன் வந்து சென்டர் வாசலில் நின்றார். "எங்க மாமா தானாத்தான் செத்தாரு. இதுல இவரு என்னத்த உபயம் பண்ணுனாரு? சொல்லும்!"

பின்னாலேயே அண்ணாச்சி. "கேஸு நடக்குற நேரத்துல என்னையக் கொலைகாரனாக்கிட்டீரே வே!"

ஒயரைச் சரிசெய்வது போல மேசைக்கு அடியில் குனிந்த நீர், இருவரும் போகும்வரை எழுந்திருக்கவில்லை. வசவு முழுவதையும் வாங்கியது நான்.

அதோடு மண்டகப்படிக்காரர்கள் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். விளம்பரம் போட்டாவது பக்கத்தைக் காப்பாற்றுவோம் என்று கெஞ்சினீர். நான் மாட்டேன் என்றேன். பக்கம் நின்றது. பிறகு ஒருநாள் பம்பாயிலிருந்து ஒருவர் போனில், "அணைக்குத் தண்ணி வந்துட்டா?" என்று கேட்டபோது உமது முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இருந்தாலும் நான் சொன்னதுதான் சரி.

மெத்தையைப் பற்றி உம் மகனிடம் கேட்டேன். "மாமா, அது ஓசிப் பக்கம். துட்டு கட்டுனா வெளம்பரம் வராது" என்றான். கேட்டீரா? சந்தா! இத்தனை வருஷம் கழித்து உலகம் என் வழிக்கு வந்திருக்கிறது. ஒத்துக்கொள்ள நீர்தான் இல்லை.

ஆகவே, மெத்தைக் கம்பெனிக்காரர் துட்டி வீட்டுக்குள் செருப்போடு நுழைவதை நிறுத்த வேண்டும். உம் மகன் இன்றைக்கே பணம் கட்டி, அந்த மெத்தையை உமது தலைமேலிருந்து இறக்க வேண்டும். அவன் மாட்டேன் என்றால் நான் கட்டுவேன். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். உமது படத்துக்குக் கீழே 'உபயம்' என்று என் பெயரைப் போட்டுவிடக் கூடாது.