மலையின் தண்ணீர்க் கழிவு

நவம்பர் 18
தேயிலைத் தோட்டத்தில் எங்கள் எட்டு வீட்டு லயத்து வாசலில் மழைமானியை நட்டாயிற்று. பாலர் பாடசாலை டீச்சர் என்பதால் தினமும் அளந்து பதுளை அனர்த்த அலுவலகத்துக்குப் போனில் சொல்வது என் வேலை. ஒரு நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டர் தாண்டினால் மேலே உள்ள மலை சரியலாம், எல்லாரும் வெளியேற வேண்டுமாம்.

அம்மா கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். ஈரக் கொழுந்து என்று எடையில் இரண்டு கிலோ கழித்துவிட்டார்களாம். சாப்பிடும்வரை அதே பேச்சு.

நவம்பர் 20
நாற்பது. "அது கொஞ்சமா, ரொம்பவா?" என்கிறாள் அம்மா. எனக்கு மட்டும் தெரியுமா?

நவம்பர் 23
நூற்றுப் பத்து. நூற்றைம்பது என்றால் எவ்வளவு என்று பக்கத்து வீட்டுத் தயாபரன் கேட்டான். விரலை விரித்துக் காட்டினேன். ஒரு சாணுக்கும் குறைவு. காட்டியிருக்கவே கூடாது.

"ஒரு சாண் தண்ணிக்கா மூட்டை கட்டச் சொல்ற? எம் மகளுக்கு முட்டிக்குக்கூட வராதே!"

ஏக்கருக்கு ஆறு லட்சம் லீட்டர் என்று பெருக்கிச் சொன்னேன். "எலெக்ஷன்ல பேசுற மாதிரியே பேசுற" என்றான். எட்டு வீடும் சிரித்தது. கோபமாக வந்தது. ஆனால் ஆறு லட்சம் எப்படி இருக்கும்? யோசித்தால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 24
நூற்றைம்பத்தெட்டு! ஒருத்தரும் அசையவில்லை. அம்மா அசைந்தால்தான் மற்றவர்கள் அசைவார்கள். அவள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஈரக் கொழுந்துக்கு நியாயமா எவ்வளவும்மா கழிக்கலாம்?"

"ஒரு கிலோ. அதுக்கு மேல கழிச்சா அநியாயம்."

"ஒரு கூடை எலைக்கே ஒரு கிலோ தண்ணி. இந்த மலை மண்ணு பூரா குடிச்சிருக்கே, அத யாரும்மா கழிப்பா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மலையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு சேலைகளை மூட்டையாகக் கட்டினாள். அதைப் பார்த்து மற்ற வீடுகளும் கட்டின.

நவம்பர் 25
பள்ளிக்கூட மண்டபம். ஈரப் பாய், கொசு, பிள்ளைகளின் இருமல். மலை அப்படியே நிற்கிறது. தயாபரன் தூரத்திலிருந்து சாண் காட்டிச் சிரிக்கிறான். நான்தான் பைத்தியமோ? திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிடவா?

நவம்பர் 26
சொல்லவில்லை. மழையும் விடவில்லை.

நவம்பர் 27
விடியும்போது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் லயம் இருந்த இடத்தில் மண்.

பதுளையிலிருந்து போன். எவ்வளவு மண் வந்திருக்கும் என்று கேட்டார் அந்த ஐயா. அம்மா அழுதுகொண்டிருந்தாள். தயாபரன் மகளை இறக்கிவிடாமல் தூக்கி வைத்திருந்தான்.

"சரி மிஸ், உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்லீங்க" என்றேன்.