நாழிகைவீரனை வரைந்தவன் பெயர்

பக்கத்து வீட்டில் யாரோ சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். அந்த வாடை வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுப்புரம் அச்சகத்தில் ஈய எழுத்துகளை அதில்தான் கழுவுவோம். உனக்கு நான் செய்த துரோகத்துக்கும் அதே வாடைதான்.

எண்பதுகளில் நீ திண்டிவனத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாய். நான் விழுப்புரத்தில் அச்சுக் கோர்த்தேன். ஞாயிறு வந்தால் பஸ் ஏறி உன்னிடம் வந்துவிடுவேன். பலகை வேலை இல்லாத நேரத்தில் நீ வரைந்த படக்கதைதான் நாழிகைவீரன். காலத்தில் பின்னால் போய், வரலாற்றை அழிக்க வருகிறவர்களைத் தடுக்கிறவன். முதல் கதையில் ஒரு கொடியவன் செஞ்சிக் கோட்டை கட்டிய காலத்துக்குப் போகிறான். கல் சுமந்தவர்களின் பெயர் வெட்டிய பாறையை உடைக்கப் பார்க்கிறான். நாழிகைவீரன் பாறைமேல் கவிழ்ந்து படுத்துச் சம்மட்டி அடியை முதுகில் வாங்குகிறான்.

"நெஜமாவே அப்படி ஒரு பாறை இருக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதான் வரைஞ்சிக்கினு இருக்கேன்" என்றாய்.

அந்தப் படங்களை அச்சக முதலாளியிடம் கொண்டுபோனது நான்தான். அவருக்கும் பிடித்துவிட்டது. முதல் பக்கத்துக்கான தாள் என் கைக்கு வந்தபோது, ஓவியர் என்ற இடத்தில் அவருடைய மச்சான் பெயர் இருந்தது. பிரஷ் பிடிக்கக்கூடத் தெரியாத ஆள்.

"வரைஞ்சது அவன் இல்லீங்களே" என்றேன்.

"உன் கூட்டாளி பேரையும் அவன் அப்பன் பேரையும் பார்த்தாலே எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்யா. எந்தக் கடைக்காரன் தொங்க வுடுவான்? ஜல்தியா கோர்த்துக் குடு."

வேலை போய்விடும் என்று பயந்தேன். கோர்த்துக் கொடுத்தேன்.

புத்தகத்தைத் திறந்த நீ, "நீயா கோர்த்த?" என்று மட்டும் கேட்டாய். தலையாட்டினேன். "எழுத்து நேரா நிக்குதுப்பா" என்றாய். என்னை அறைந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீ வரையவே இல்லை. பலகைக்கே திரும்பினாய். அந்த வருஷமே கூட்டேரிப்பட்டில் ஒரு கடைக்கு எழுதும்போது சாரம் சரிந்து போய்ச் சேர்ந்தாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குப் போனேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "ரெண்டாவது கதையை முழுசா வரைஞ்சி குடுத்திருந்தானா?"

முதல் புத்தகம் வருவதற்கு முன்பே கொடுத்திருந்தாய். பழி வாங்குவதென்று அங்கேயே நின்று முடிவு செய்தேன்.

அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃபில் மச்சான் பெயர்தான் இருந்தது. பக்கங்கள் மெஷினில் ஏறியதும், மெஷின்காரர் டீ குடிக்கப் போனார். நான் அந்த ஒரு வரியைப் பிடுங்கி, உன் பெயரை உன் அப்பா பெயரோடு வைத்தேன்.

மச்சானுக்காக ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. புத்தகக் கட்டுகள் காலையிலேயே வெளியூர்க் கடைகளுக்குப் பஸ் ஏறிவிட்டன. உன் மனைவியை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

"என்னை எதுக்குண்ணா இட்டாந்த?"

"செத்த நேரம் இரும்மா."

தலைமை தாங்கிய வாத்தியார் முதல் பக்கத்தைத் திறந்து, "இதை வரைந்த ஓவியர்" என்று உன் பெயரைக் கணீரென்று படித்தார். மாலைக்குக் குனிந்த மச்சான் நிமிரவே இல்லை. உன் மனைவி எழுந்துவிட்டாள்.

"அது என் வூட்டுக்காரர் பேருங்க. அவரு செத்துட்டாருங்க."

மண்டபமே அவளைப் பார்த்தது. நான் முதலாளியின் முகத்தை மட்டும் பார்த்தேன், ஆசை தீர. மேடைக்குப் பின்னால் அவர் என்னை அடித்தபோது சிரித்தேன். அப்புறம் விழுப்புரத்தில் எந்த அச்சகமும் என்னைச் சேர்க்கவில்லை.

போன மாதம் முதலாளியின் மகன் வந்தான். "அப்பா முடியாம படுத்துக்கினு இருக்காருங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்றாரு" என்றான். நீயாக இருந்தால் போயிருப்பாய். நான் கதவைச் சாத்தினேன். அவர் செத்த சேதி வந்தபோதும் மனசு இளகவில்லை.

ஆனால் என் கோபத்தில் பாதிதான் அவரோடு போயிற்று. மீதி, பயந்துபோய் எழுத்தைக் கோர்த்தவன்மேல். அவனைப் பழிவாங்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.