அவர் பெயரில் என் தூக்கம்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் முட்டிவலி தேவலையா?

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக மாஸ்க்கை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, குழாயை உதறி, ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். பிறகு கண்ணாடி முன் நின்று, மூக்கின் இரு பக்கமும் பதிந்திருந்த சிவப்புத் தடத்தின் மேல் பவுடர் பூசினேன். என் மூக்கில்தான் அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. இந்த வீட்டில் அடுப்படியில் முனகினால் வாசலில் கேட்கும்.

போன வாரம் பேசும்போது, "தம்பி அந்தக் காத்து மெஷினை ஒழுங்கா மாட்டிக்கிறானா?" என்று கேட்டீர்கள். மாட்டிக்கொள்கிறார் என்றேன். பொய் சொன்னேன், மன்னியுங்கள்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருவதும், மெஷின் கொடுத்ததும், மறுபடி பஸ் ஓட்ட விட்டதும் உங்களுக்குத் தெரியும். எந்த நிபந்தனையில் விட்டார்கள் என்பதை நாங்கள் சொல்லவில்லை. இரவில் நான்கு மணி நேரமாவது அதைப் போட்டிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது மெஷினுக்குள் இருக்கும் சின்ன அட்டையில் பதிந்துவிடும். மாதம் ஒரு முறை அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டி, அவர் கையெழுத்தோடு டிப்போவில் தாள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டயர் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அவர் முயன்றார், பொய் சொல்லக் கூடாது. அரை மணி நேரத்தில் பிடுங்கி எறிந்துவிடுவார். "யாரோ மூஞ்சி மேல உக்காந்து ஊதுற மாதிரி இருக்குடி" என்பார். முதல் மாதம் மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவர், "நீ கொஞ்ச நாள் மாட்டிக்கிட்டுப் படேன். மெஷினுக்கு ஆள் முகமா தெரியப் போகுது?" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். பிறகு, "பத்தொம்பது வருஷமா ஓட்டுறேன். அதை விட்டா நான் யாருடி?" என்றார். நான் மாட்டிக்கொண்டேன். அவர் முன்னறை நாற்காலியில் சாய்ந்தபடி தூங்குகிறார். கிட்டத்தட்ட இரண்டு மாதமாக இப்படித்தான்.

இனி எழுதப் போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் எனக்குத் தலை வலிக்கவில்லை. எத்தனையோ வருஷமாகத் தலைவலியோடுதான் எழுவேன். அதை வயதின் கணக்கில் போட்டிருந்தேன். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது வரி தவறினால் மேனேஜர், "கண்ணாடியை மாத்துங்கம்மா" என்பார். இப்போது ஒரு வரியும் தவறுவதில்லை. பதினொரு மணிக்குக் கை தானாக பிஸ்கட் டப்பாவுக்குப் போவது நின்றது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காரணமில்லாமல் அழுவதும் நின்றது. உங்கள் வாயாடி மருமகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "ரெண்டு வாரமா என்னைத் திட்டவே இல்லையே, காய்ச்சலாம்மா?" என்றாள்.

நான் சிடுசிடுப்பவள், சோம்பேறி, எதிலும் பிடிப்பில்லாதவள் என்றெல்லாம் என்னைப் பற்றி நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். அதெல்லாம் என் குணம் இல்லையோ, எனக்கும் அதே நோயோ என்று யாரைக் கேட்பது? கேட்டால் மெஷினை நான் மாட்டிய கதை வெளியே வந்துவிடும்.

அவரோ நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகிறார். இரவுச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தேன். சட்டைப் பையில் பன் கவரும் சர்க்கரை ஒட்டிக் கசங்கிய தாளும் கிடைக்கின்றன. "தூங்காத உடம்பு பசின்னு பொய் சொல்லும்மா, அவரைத் திட்டாதீங்க" என்று மருத்துவர் முதல் நாளே சொன்னார். இருந்தும் திட்டினேன். அவர் எழுந்து போய்விடுகிறார். சிரிக்க வைத்துக்கொண்டே இருந்த மனுஷன் அக்கா.

மருத்துவமனையில் ஒரு தாள் தருவார்கள். என்ன சாப்பிட்டீர்கள், பகலில் தூக்கம் வந்ததா, மனம் எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள் என்று இருக்கும். "ஏதாவது போடு" என்பார். நான் என் காலைகளைப் பார்த்து நான்கு, ஐந்து என்று போட்டேன். போன மாதம் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்ல முன்னேற்றம்" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிவந்த கண்ணோடு அவர், "எல்லாம் உங்க புண்ணியம் சார்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, அவர் பஸ்ஸில் மறந்து வைத்த டிபன் பாக்ஸைக் கொடுக்கக் கண்டக்டர் வந்தார். "தலைவரு இன்னைக்கு சிக்னல்ல தியானத்துக்குப் போயிட்டாரு அண்ணி" என்று சிரித்தார். பிரேக்கிலிருந்து கால் நழுவி, பஸ் தானாக நகர்ந்து, முன்னால் நின்ற ஸ்கூட்டரைத் தொட்டிருக்கிறது. விசில் ஊதிய பிறகுதான் விழித்திருக்கிறார். ஸ்கூட்டரில் இருந்த பெண் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். "யாருகிட்டயும் சொல்லல, நீங்க பயப்படாதீங்க" என்றார் கண்டக்டர். தேநீர் கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, அந்த டிபன் பாக்ஸைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். அந்த ஸ்கூட்டர் இரண்டடி முன்னால் நின்றிருந்தால் தப்பியிருக்கும், பஸ் கொஞ்சம் வேகமாக உருண்டிருந்தால் அந்தப் பெண் செத்திருப்பாள் என்று மாற்றி மாற்றி யோசித்தேன்.

அன்றும் இரவு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. முதலில் அவருக்காகச் செய்தேன். இப்போது எனக்காகவும்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மெஷின் அவரிடம் போய்விடும் என்ற கணக்கு எனக்குள் ஒரு மூலையில் ஓடியிருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை அட்டையைக் காட்ட வேண்டிய நாள். அவருக்குக் காலை ஷிப்ட், என்னையே போகச் சொல்லியிருக்கிறார். போவேன். அந்த மணி நேரங்களெல்லாம் நான் தூங்கியவை, அந்த மதிப்பெண்கள் என்னுடையவை என்று மருத்துவரிடம் சொல்லப் போகிறேன். வியாழக்கிழமை நடந்ததையும் சொல்வேன். அவர் முகத்துக்குப் பொருந்துகிற வேறு மாஸ்க் கேட்பேன். என்னையும் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். டிப்போவுக்குத் தகவல் போகும், அவரை இறக்கிவிடுவார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். முன்னால் சொன்னால் தடுப்பீர்கள், நானும் நின்றுவிடுவேன்.

அவரை வளர்த்தவர் நீங்கள். முதல் போன் உங்களுக்குத்தான் வரும். என்னை என்னென்னவோ சொல்வார். சொல்லட்டும் அக்கா, என் பக்கம் பேசாதீர்கள், பாதியில் போனையும் வைத்துவிடாதீர்கள். எல்லாம் கொட்டி முடித்த பிறகு, வழக்கம்போல "சாப்பிட்டியாடா" என்று கேட்பதற்கு முன்னால், "தூங்குனியாடா" என்று ஒரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வீட்டுக்காரி