மேஸ்திரியின் விரல் கருவி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், நானே எழுதுகிறேனாக்கும்! முழங்கால் வலி தேவலையா?

குளிருக்காக மேஸ்திரி எங்கள் காவல் அறையில் கரி அடுப்பை மூட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டான். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அந்த அறிவுக்கொழுந்து என் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டி, "ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு காட்டுது, மூஞ்சியும் செவசெவன்னு இருக்கு. நடிக்காத பெருசு!" என்றான். எங்களுக்குப் பொங்கிப் போடும் சமையல்காரர்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

கரியின் நச்சுவாயு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். கருவிக்கு வித்தியாசம் தெரியாதாம், மூஞ்சி சிவந்ததும் அந்த வாயுவால்தானாம். டாக்டர் சொன்னார். கருவியை மன்னிக்கலாம், அதற்கு மண்டை கிடையாது. மேஸ்திரிக்கு இருக்கிறது, தொப்பி மாட்ட.

இப்போது சுகம். மறுபடி அடுப்போடு வந்தவனை, "உங்க ரூம்ல வச்சுத் தூங்குங்க" என்று விரட்டினேன். ஜன்னலைத் திறந்தே படுக்கிறேன். நீ போர்த்தும் பழைய கம்பளியையே அனுப்பு, புதிது வேண்டாம். அடுத்த வாரம் இன்னும் நேராக எழுதுகிறேன்.